சொத்தைக்கு ஏது லேபிளு?

வா கண்ணு, உக்காரு. கையில என்ன பாட்டிலு? மேல ஒரு விரக்கடை எண்ணெய் நிக்குது, அடியில கட்டியாக் கெடக்குது. ஓ, நேச்சுரல் பீனட் பட்டரா? அதாவது கடலைத் தொவையல்ல இருந்து மொளகாயை எடுத்துட்டு வெலையைச் சேத்துருக்கான். சரி சரி, மொறைக்காதே.

கம்பெனி பட்டரு வெசம்னு ஜிம்முல சொன்னாங்களாக்கும்? என்ன வெசமாம்? ஹைட்ரஜன் ஏத்துன எண்ணெயா? அது எதுக்குன்னு கேட்டியா? நெலக்கடலையில பாதிக்குப் பாதி எண்ணெய். அரைச்சு வெச்சா தனியாப் பிரிஞ்சு மேல வந்துரும். அப்படி வராம இறுக்கிப் பிடிக்கறதுக்குத்தான் அந்த உறையற எண்ணெயைச் சேக்கறான். எவ்வளவு? நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு. அதுல வர்ற டிரான்ஸ் கொழுப்புதான் பயமா? எண்ணெய் கொழுப்புல அது நூத்துக்கு ரெண்டுக்கு மேல கூடாதுன்னு 2022 சனவரியில இருந்து சட்டமே இருக்குது.

அதுக்குப் பயந்த மவராசன் நேத்து சாயங்காலம் என்ன பண்ணே? டீயில வர்க்கியை முக்கி முக்கித் தின்னே. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்! ஊட்டி வர்க்கி எதுல மொறுமொறுங்குது? காலங்காலமா வனஸ்பதியிலதான். அங்க கைநெறய அள்ளிப் போட்டதைத் தின்னுட்டு, இங்க துளியூண்டைப் பாத்து அலர்றியே, இது எந்த ஊரு கணக்கு?

சக்கரையும் உப்பும் கம்பெனிக்காரன் சேக்கறான், வாஸ்தவம். பாட்டிலுக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டுருப்பான். கண்ணாடி போட்ட நானே படிக்கறேன், உனக்கென்ன?

அந்தப் பொடி எழுத்துல வராத ஒண்ணு இருக்குது. அதைச் சொல்றேன் கேளு. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிக்கு மேல பொத்துப் பொத்துன்னு விழுந்து செத்துச்சு. என்ன சீக்குன்னே தெரியல. தேடித் தேடிப் பாத்தா, பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதுல பூஞ்சை. பூஞ்சை கக்கின நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின்னு பேரு வெச்சாங்க. கொஞ்சங் கொஞ்சமா வருசக்கணக்குல உள்ள போனா ஈரல்ல புத்து வெக்கும்னு டாக்டருங்க ஒத்துக்கிட்ட சமாச்சாரம்.

இந்தப் பூஞ்சைக்கு எந்தக் கம்பெனி? ஒரு கம்பெனியும் இல்ல. அதுவும் அக்மார்க் நேச்சுரல்தான்! கடைசித் தண்ணி கெடைக்காம செடி காஞ்சா காய்க்குள்ள ஏறும். புடுங்குன காயை ஈரத்தோட குமிச்சு வெச்சா ஏறும். நனைஞ்ச சாக்குல கட்டுனா ஏறும். நம்ம மலையில கேரட்டும் முட்டைக்கோசும் வெளையும், கடலை வெளையுமா? எல்லாம் கீழ இருந்து லாரியில வர்றது. ஏறவேண்டியது அங்கயே ஏறிட்டுத்தான் பர்லியாறு தாண்டி மலைக்கு வரும். வறுத்தா போயிருமான்னா, கொஞ்சம் கொறையும். முழுசாப் போவாது.

இன்னொண்ணு யோசிச்சியா? முழுக்கடலை திங்கறப்ப சொத்தை வாயில பட்டா தூன்னு துப்பிருவே. நாக்கு எல்லாத்தையும் கண்டுபிடிக்காதுதான், ஆனாலும் பாதிக் காவல் அது. அரைச்சுட்டா? நல்லதும் பொல்லாததும் ஒண்ணாக் கொழைஞ்சு போச்சு, எதைத் துப்புவே? சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்.

அப்பக் கம்பெனிக்காரன் யோக்கியனான்னு கேக்கறியா? பெரிய ஆளுங்க மிசினு வெச்சுச் சொத்தையைத் தள்ளறாங்க, சோதிச்சும் பாக்கறாங்க. கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் நஞ்சைத் தாண்டக் கூடாதுங்கறான் அமெரிக்காக்காரன். ஐரோப்பாக்காரன் 4ங்கறான். அந்த அமெரிக்காவுலயேதான் 2008, 2009ல ஒரு கடலைக் கம்பெனி, சால்மோனெல்லா கிருமி இருக்குன்னு தெரிஞ்சே சரக்கை அனுப்பி 9 பேரு செத்தாங்க, 700 பேருக்கு மேல படுத்தாங்க. மொதலாளிக்கு 2015ல 28 வருசம் ஜெயிலு. அதனால எந்தப் பாட்டிலுக்கும் நான் ஜாமீன் போடமாட்டேன். கடலையே ஒத்துக்காத ஒடம்புன்னா ரெண்டு பாட்டிலும் ஆவாது, அதுல பேச்சே இல்ல.

உனக்கு ஆசைன்னா ஒண்ணு பண்ணு. மார்க்கெட்டுல தோலோட காயா வாங்கு. ஒடைச்சு மொறத்துல கொட்டு. சுருங்குனது, கருத்தது, பச்சையாப் பூத்தது, எல்லாத்தையும் பொறுக்கித் தூரப் போடு. கோழிக்கும் போட்டுராதே, வான்கோழி கதைதான் கேட்டியே. மீதியை வறுத்துத் தோலைப் பொடைச்சு, ஒரு வாரத்துக்கு ஆவறதை மட்டும் அரை. மாசக்கணக்குல வெச்சா எண்ணெய் சிக்கடிக்கும். ஆடி மழையில இங்க செவுரே பூஞ்சை பூக்குது, மூடி இறுக்கமா இருக்கட்டும்.

மிக்சி இல்லியா? எங்க வீட்டுல வாங்கிட்டுப் போ. காத்தால உங்க ஆத்தா அதுல மொளகாப்பொடி அரைச்சா. நல்லாக் கழுவிட்டு ஓட்டு. எரிஞ்சா அதையும் கெமிக்கலுன்னு ஜிம்முல போயிச் சொல்லிராதே.