தட்டினால் தெரியும் ஃப்ளூ!

கேள்வி: ஃப்ளூ வந்தவர்களை எண்ண அமெரிக்காவில் வீடு வீடாக ஆள் அனுப்புவார்களோ?

வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. டாக்டர் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள் என்பதுதான் கணக்கு!

37.8 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமலோ தொண்டை வலியோ. வந்த நோயாளிகளில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆயிரக்கணக்கான கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் சொல்ல, சி.டி.சி. எனும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை வாராவாரம் அறிக்கையாக்குகிறது. பெரியவர்களின் ஃப்ளூ மரணங்கள் அதில் மதிப்பீடுதான். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை இறந்தால் அப்படியல்ல. 2004 முதல் ஒவ்வொரு மரணமும் தனித்தனியாகப் பதிவாகிறது. அந்த அக்கறை எல்லா வயதுக்கும் வேண்டும்.

கேள்வி: இதற்கு ஒரு வாரமா? கூகுளைக் கேட்டால் நொடியில் சொல்லிவிடாதா?

சொன்னதே! தேடல்களை வைத்து ஃப்ளூவைக் கணிக்க 2008-ல் கூகுள் இறங்கியது. 2012-13 குளிர்கால உச்சத்தில் அது காட்டிய அளவு, சி.டி.சி. கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ச்சல் கண்டவர் மட்டுமா தேடுகிறார்? காய்ச்சல் செய்தியைப் படித்துப் பயந்தவரும்தானே!

2015-ல் அந்தக் கணிப்பை வெளியிடுவதை கூகுள் நிறுத்திக்கொண்டது. கிளினிக்குகளின் வாராந்தரக் கணக்கு தொடர்கிறது.