மிட்டாயும் கேள்வியும்

கேள்வி: ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று வந்துவிடுமா?
– ஒரு வாசகி, ராமாபுரம், மைசூரு

பதில்: மிட்டாய் கட்டாயம் வேண்டும் அம்மா, கூடவே கேள்வி கேட்கும் பழக்கமும் வேண்டும். உங்கள் மாநிலத்தில் குழந்தைகளுக்கென்றே கிராமப் பஞ்சாயத்துகள் 'மக்கள கிராம சபே' நடத்துகின்றன. "பள்ளிக் கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று ஏழாம் வகுப்புப் பெண் எழுந்து கேட்டால், பெரியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை 18 வயதில் ஓட்டை 500 ரூபாய்க்கு விற்காது!

அரசியலமைப்பின் முகப்புரையைப் பள்ளிகளில் வாசிக்க வேண்டும் என்று 2023-இல் கர்நாடக அரசு முடிவெடுத்தது. நல்ல காரியம். வாசித்த கையோடு, மதிய உணவுப் பந்தியில் சமத்துவம் இருக்கிறதா என்று ஆசிரியரும் பிள்ளைகளும் பேசினால் இன்னும் நல்லது.

கொடியைப் பற்றிச் சொல்ல மத்தூர் அருகே சிவபுரம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானத்தின் தடையை மீறி 1938 ஏப்ரலில் அங்கே மூவர்ணக் கொடி ஏற்றிக் கைதானார்கள். அந்த இடத்தில் இப்போது நினைவு மண்டபம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் எது? பஸ் ஏற்பாட்டை அடுத்த சபையில் பிள்ளைகளே கேட்டு வாங்கட்டும்.