காத்திருப்பவர் களமிறங்கத் தயாரா?

கேள்வி: மாற்று சர்வர் இருந்தும் வங்கிச் சேவை முடங்குவது ஏன்?
– வாசகர், பாகான் செராய்

பதில்: பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரருக்குக் களத்துக்கு வழி திறந்திருக்க வேண்டுமே!

சிங்கப்பூரில், 14 அக்டோபர் 2023. ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில் குளிர்நீர் அமைப்பை மேம்படுத்திய ஒப்பந்தக்காரர் தவறான சமிக்ஞை அனுப்ப, வால்வுகள் மூடிக்கொண்டன. அறையில் சூடு ஏறியது. அந்த மையத்தைப் பயன்படுத்திய டிபிஎஸ், சிட்டி இரண்டு வங்கிகளும் மாற்று மையங்களை இயக்கின. ஆனால் டிபிஎஸ்ஸில் நெட்வொர்க் அமைப்பிலேயே பிழை. சிட்டிக்கு இணைப்புச் சிக்கல். சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. கணக்கு விவரங்களை நகலெடுத்து வைத்தால் பாதி வேலைதான் முடிகிறது. வாடிக்கையாளரின் கோரிக்கை அந்த நகலைத் தேடிப் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு ஒத்திகைதான் வழி. இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை 2 மார்ச் 2024, சனிக்கிழமை சிறப்பு அமர்வு கூட்டி, முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு மாறி, அங்கே நிஜ வர்த்தகத்தையே நடத்திப் பார்த்தது.