வெத்தலை வாங்கப் போறவன் குத்தாலம் போவான்

வாலே பேராண்டி. திண்ணையில உக்காரு. உக்கார முடியலையா? சரி, தூணைப் பிடிச்சிக்கிட்டு நில்லு. முப்பதாயிரம் ரூவா குடுத்து சீட்டு வச்ச சைக்கிள் வாங்கினவனுக்கு, உக்காரத்தான் வழியில்லாமப் போச்சு. ஆச்சி கேட்டா, ஏதோ வேண்டுதல்னு சொல்லிரு.

நேத்து நீ கெளம்பின அழகைத்தான் ஊரே பேசுது. தலையில ஹெல்மெட்டு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கையில விரல் இல்லாத உறை. திருநெல்வேலிக்கு மிதிச்சிப் போயி அல்வா வாங்கிட்டு வாரேன்னு போனே. போனதும் உண்மை, வாங்கினதும் உண்மை. வந்ததுதான் சீதபற்பநல்லூர்ல இருந்து லோடு ஆட்டோவுல, தக்காளிக் கூடைக்கு நடுவுல. போகையில எடுத்த போட்டோவை எல்லாம் ஸ்டேட்டஸ்ல போட்டியே, அந்தத் தக்காளிப் போட்டோ எங்கலே?

ஒனக்கு அல்வா குடுத்தது கடைக்காரன் இல்ல, காத்து. வைகாசி கடைசியில செங்கோட்டைக் கணவாய் வழியா மேகாத்து பொறப்பட்டுட்டா, ஆவணி வரைக்கும் ஓயாது. கெழக்கே போகையில அது முதுகுல கை வச்சித் தள்ளிச்சு. நீ என்னடான்னா எல்லாம் ஒன் தொடைப் பலம்னு நெனச்சிக்கிட்டு, இன்னும் வெரசா மிதிச்சே. திரும்பையில அதே காத்து நெஞ்சுல கை வச்சிது. ஆலங்குளத்தைச் சுத்தி இத்தனை காத்தாலை நிக்குதே, எதுக்குன்னு நெனச்சே? கரண்டு எடுக்க மட்டுமா? அது எந்தத் தெசைக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நிக்குதோ, காத்து அங்க இருந்துதான் வருது. மொதல்ல அந்தத் தெசைக்குப் போ. தெம்பு இருக்கையில எதுகாத்து, களைச்ச பொறவு தள்ளுகாத்து. செலவில்லாம வீடு வந்து சேருவே.

தூரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர் போனேன்னு எவன் வேணா சொல்லிருவான். நாளன்னைக்கு மறுபடியும் ஏறி மிதிச்சியான்னு கேளு, பாதிப் பேரு காணாமப் போயிருவான்.

மொதல்ல அந்த சீட்டு. கடைக்காரன் மாட்டிக் குடுத்த ஒசரத்துலயே ஓட்டிட்டு வந்திருக்கே. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு ஏறு. ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோ. குதிகாலை அதுமேல வை. கால் நேரா நீளணும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்ப குதிகாலை எடுத்துட்டு முன்பாதத்தை வை. முட்டி லேசா மடங்குதா? அதுதான் ஒன் ஒசரம். முட்டிக்கு முன்னால வலிச்சா பெரும்பாலும் சீட்டு தாழ்ந்து கெடக்கும். பின்னால இழுத்தா ஒசந்து போயிருக்கும். அப்புறம் அந்தப் பஞ்சு வச்ச டவுசர். அதுக்குள்ள ஜட்டியும் போட்டுட்டா போனே? அடப் பாவி! தையல் உரசினா தொடை என்னத்துக்கு ஆகும்? அது ஒத்தையா உடுத்துற உருப்படிலே. வெக்கப்படாதே, வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது.

அடுத்தது கியரு. என் ஹெர்குலிஸ் சைக்கிளுக்கு ஒத்தக் கியருதான். ஒன் வண்டிக்கு இருவத்தி ஒண்ணு. அத்தனையையும் வச்சிக்கிட்டு, இருக்கிறதுலயே கனமானதைப் போட்டு ஆட்டு உரல் ஆட்டுத மாதிரி மிதிக்கே. லேசானதைப் போடு, காலு சுத்தட்டும். பதினஞ்சு செகண்டுக்கு வலது காலு எத்தனை தடவை கீழ போகுதுன்னு எண்ணிப் பாரு. இருவது வந்தா நிமிசத்துக்கு 80. பழகினவன் 80, 90ன்னு சுத்துவான். கனமா மிதிச்சா பாரம் முட்டியில ஏறும், லேசா சுத்தினா மூச்சுல ஏறும். மூச்சு சில வாரத்துல பழகிரும். முட்டிச் சவ்வும் தசைநாரும் பழக மாசக் கணக்காகும். ஏத்தம் வருதுன்னா வண்டி நிக்கிறதுக்கு முன்னாலயே கியரைக் கொறச்சிரு. நின்ன பொறவு மாத்தினா செயின்தான் கழலும்.

வேகமா? அதை மற. கூட வாரவன்ட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே மிதிக்க முடியணும். பேச்சு முறியுதுன்னா கொறச்சிக்கோ. நீயே போன்ல காட்டினியே, பாரிஸ்ல இருந்து ப்ரெஸ்ட் போயி மறுபடியும் பாரிசுக்கு வாரானுவன்னு. 1891-ல ஆரம்பிச்சது. 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம் குடுக்கான். தின்னுறதும் தூங்குறதும் அதுக்குள்ளயே. வகுத்துப் பாரு, மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். நம்மூர்ல நடத்துற ப்ரெவேங்கிற 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்துக்கும் பதிமூணரை மணி நேரம் உண்டு. அது மணிக்கு 15 கூட இல்ல. நேத்து நீ 28-ல பறந்தியே, கடைசியில யாருக்கு முந்தி வந்தே? தக்காளிக்கா?

உடுப்பு, கண்ணாடின்னு பெரிய பட்டியல் வச்சிருக்கே. 1991, 92-ல புதுக்கோட்டையில எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடக்கையில, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க. அதோட சேத்து ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் பழகினாங்க. வயக்காட்டு வேலைக்குப் போறவங்க, கல்குவாரியில பாடுபடுறவங்க, அங்கன்வாடி டீச்சரு எல்லாரும். சேலையிலயும் தாவணியிலயுமே ஏறி மிதிச்சாங்க. சாமான் வேண்டாம்னு சொல்லல. ஹெல்மெட்டும், பின்னால செவப்பு லைட்டும், பஞ்சர் ஒட்டுற சாமானும் கட்டாயம் வேணும். டயருக்கு எவ்வளவு காத்துன்னு டயர் ஓரத்துலயே அச்சடிச்சிருக்கும், வாரத்துக்கு ஒருக்கா பாரு. மத்ததை எல்லாம் மூணு மாசம் கழிச்சி வாங்கு, அப்பவும் ஆசை இருந்தா.

தண்ணியை தாகம் எடுத்த பொறவு கடகடன்னு குடிக்காதே. கால் மணிக்கு ஒரு தடவை ரெண்டு மடக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல போறதுன்னா பையில கோவில்பட்டிக் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ இருக்கணும். கண்ணு இருட்டின பொறவு தின்னு பிரயோசனம் இல்ல, அது தொடைக்குப் போய்ச் சேர நேரமாவும். பொறப்படுறதுக்கு முன்னால உப்புப் போட்டு ஒரு சொம்பு நீராகாரம் குடி.

இப்பத் திட்டம். இன்னைக்கும் நாளைக்கும் சும்மா கெட. வலி ரெண்டாம் நாளுதான் கூடுதலாத் தெரியும், பயந்துராதே. மிதிக்கையில சதை நோவும், ஓயிறப்பதான் அது பலப்படும். ஓய்வெடுக்கத் தெரியாதவன் ரெண்டே வாரத்துல வண்டியை ஓஎல்எக்ஸ்ல போட்டுருவான்.

நாளன்னைக்கு விடியக்காலம், வெத்தலைக் கடை. போக வர ஆறு கிலோமீட்டர். வாரத்துக்கு நாலு நாள் போ, போதும். அடுத்தடுத்த வாரம் மொத்தத் தூரத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதே. நாலாவது வாரம் கூட்டாம கொறச்சிக்கோ. ஆனி கடைசியில பாவூர்சத்திரம் மார்க்கெட்டு வரைக்கும் போவே. போறதுதான் போறே, வெங்காயமும் பச்சை மொளகாயும் வாங்கிட்டு வந்திரு. பை கனமா இருந்தா அதுவும் ஒரு பயிற்சிதான். ஆடி முடியுறதுக்குள்ள தென்காசி. அங்க என் கண்ணாடியை ரிப்பேருக்குக் குடுத்து வச்சிருக்கேன், அதையும் எடுத்துட்டு வந்திருவே. ஆவணியில குத்தாலம். போக எதுகாத்து, மெயினருவியில ஒரு குளி, வரத் தள்ளுகாத்து. அம்பது கிலோமீட்டருக்குப் பக்கத்துல வரும், லோடு ஆட்டோ தேவைப்படாது.

என்னலே மொறைக்கே? தாத்தா தன் சோலியைப் பாக்க ஒன்னை ஏவுதாருன்னு நெனைக்கியா? ஆமா, ஏவுதேன். கடைக்குப் போற சோலி இருக்கவன் மழைன்னாலும் போவான், சோம்பலா இருந்தாலும் போவான். ஒடம்பு எளைக்கணும்னு மட்டும் போறவன் மூணாம் நாள் போர்வையை இழுத்து மூடிக்கிடுவான். அதான் ஒனக்கு சோலி பாத்து வச்சிருக்கேன்.

வெத்தலை கொழுந்தாப் பாத்து வாங்கு. கூட சீவலு, ஆச்சிக்குப் பொடி ஒரு மட்டை. காசா? முப்பதாயிரம் ரூவா வண்டியில போறவன்ட்ட நான் இருவது ரூவாயை நீட்டினா, கடைக்காரன் ஒன்னைப் பத்தி என்னலே நெனைப்பான்?