கோயிற் கலியாண முகூர்த்த விசாரம்

சத்திய வேதத்தைக் கைக்கொண்டவர்களுக்கு நாளும் கோளும் கிடையா என்பது ஞானோபதேசத்தைப் பாராமல் ஒப்புவிக்கத் தெரிந்த சிறு பிள்ளையும் அறிந்த சங்கதி. அப்படியிருக்க, புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், பழமையும் கீர்த்தியும் வாய்ந்த ஒரு கோயிலில் தன் வீட்டுப் பெண்ணின் மெய்விவாகத்தை நடத்த எண்ணி நாள் குறிக்க உட்காருமானால், வைதிகக் குடும்பங்களுக்குப் புரோகிதர் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடும் அந்தக் காரியம் இவர்களுக்கு மாத்திரம் மூன்று வாரம் பிடிப்பானேன் என்ற வினாவை இதுவரை எந்தப் பண்டிதரும் எழுப்பாதது விந்தையே. அக்குறையை என்னால் இயன்ற அளவு போக்க முற்படுகிறேன். இவ்விசாரத்துக்கு ஆதாரமாக நான் கொண்டவை மூன்று: மேற்றிராசனத்தார் வெளியிடும் வழிபாட்டுக் காலண்டர், எங்கள் கூடத்துச் சுவரில் இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே தொங்குவதும், இராகு காலம் எமகண்டம் முதலியவற்றை நாள்தோறும் தவறாது அறிவிப்பதுமான தினசரிக் காலண்டர், எண்பத்திரண்டு வயது நிரம்பிய என் பெரிய அத்தை. இவற்றுள் முரண்பாடு நேர்ந்த இடங்களிலெல்லாம் மூன்றாவதையே பிரமாணமாகக் கொண்டேன்.

முதற்கண், பழைய கோயில் எதற்கு என்பதை விளக்கிவிடுவது நலம். ஆண்டவரின் சந்நிதானத்தில் பழையது புதியது என்ற பேதமில்லை. சென்ற ஆண்டு திறந்த சிமிட்டிக் கோயிலில் கட்டிய தாலியும் தாலிதான். ஆயினும் மயிலாப்பூரில் லஸ் மாதாவின் காட்டுக்கோயில் கல்வெட்டு 1516 என்று சொல்லும்போது மனம் சற்றே நிமிர்கிறது. எங்கள் ஊரிலோ, பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் 1692 இல் எழும்பி, மறுபடி மறுபடி கட்டப்பட்டு, 1761 இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது இடிபட்டு, மீண்டும் எழும்பி 1791 இல் முடிவு பெற்ற அமலோற்பவ மாதா பேராலயம் இருக்கிறது. அதனைச் சென் போல் என்னும் பிரெஞ்சுப் பெயரை மென்று தின்று சம்பா கோயில் என்று வழங்குகிற ஜனங்களில் பலருக்குச் சம்பா என்றால் நெல்தான் நினைவு. இரண்டு நூற்றாண்டுச் சுவரின் முன்னே நின்று எடுத்த படத்தில் நேற்று மணம் முடித்தவர்களும் பரம்பரைப் பிரபுக்களாகத் தோன்றுவார்கள் என்ற இரகசியம் மணப்பெண்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பெண் விரும்பியதும் ஒரு பழைய கோயிலையே. எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஆவணிக்கு அங்கே எனக்கே இடம் கிடைக்காது.

இனி நாளுக்கு வருவோம். திருச்சபை தானும் ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது என்பதை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். திரெந்து சங்கத்தார் 1563 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் தேதி மெய்விவாகத்தைக் குறித்துத் தீர்மானித்தபோது, ஆகமன காலம் தொடங்கி மூன்று இராஜாக்கள் திருநாள் வரையும், விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்கு எட்டாம் நாள் வரையும் ஆடம்பரக் கலியாணம் கூடாது என்று பழைய தடையை நிலைநிறுத்தினார்கள். பிற்காலத்துச் சட்டங்கள் இதைச் சற்று இளக்கியிருப்பினும், தபசு காலத்தில் கொட்டு மேளத்தோடு ஒரு தம்பதி எங்கள் கோயில் வாசலில் இறங்கியதை நான் கண்டதில்லை. ஆகவே, 2025 ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், மார்ச் 5 முதல் ஏப்ரல் 19 வரை 46 நாட்களும், நவம்பர் 30 முதல் டிசம்பர் 24 வரை 25 நாட்களும் உரோமாபுரியின் கணக்கில் கழிந்தன.

இவ்வளவோடு நின்றிருந்தால் இந்த ஆராய்ச்சிக்கு அவசியமே ஏற்பட்டிராது.

"நம்ம வேதத்துல ஏதுடா ஆடி? அதெல்லாம் அஞ்ஞானிங்க சமாசாரம்" என்றாள் அத்தை, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. கிள்ளிய காம்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஆனா, ஆடியில வேணாம்" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே, ஒரு வெற்றிலைக் காம்பின் அகலத்தில், நம் நாட்டுக் கத்தோலிக்க சமயத்தின் முந்நூறு வருஷத்துச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது. அந்தியோக்கியாவின் பிதாப்பிதா என்னும் பட்டம் பூண்டு பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த தூர்னோன் என்பவர், 1704 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே புதுச்சேரியில் இருந்துகொண்டு, கலியாணங்களில் பிள்ளையார் உருப் பொறித்த தாலி கூடாது, மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது, தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது கூடாது என்று ஒரு நீண்ட கட்டளை பிறப்பித்தார். அதன்மேல் நடந்த வழக்கு நாற்பது ஆண்டுகள் உரோமையில் கிடந்து 1744 இல்தான் முடிவுக்கு வந்தது. பிள்ளையார் தாலியினின்று இறங்கினார், சிலுவை ஏறிற்று, சில குடும்பங்களில் இஸ்பிரீத்துசாந்துவின் புறா ஏறிற்று. தேங்காயும் போயிற்று. ஆடி மாத்திரம் போனபாடில்லை.

எனவே ஆடி 31 நாட்களையும் கழித்தேன். மார்கழியின் ஒரு பகுதி ஆகமன காலத்துக்குள் முன்னமே மாண்டுபோனதால், எஞ்சிய 20 நாட்களைக் கழித்தேன். நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு உரியது. அதில் கலியாணம் செய்யலாகாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லைதான், ஆனால் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு பந்தற்கால் நடுகிறவர் யார்? அதில் மீந்திருந்த 29 நாட்களும் போயின. ஆக, 365 இல் எஞ்சியவை 214.

கிழமைகளின் விஷயத்தில்தான் இரண்டு வேதங்களும் கைகோத்துக்கொண்டு நம்மை வதைக்கின்றன. ஞாயிறு பங்குப் பூசைகளுக்கு உரியது. செவ்வாயும் சனியும் ஏன் ஆகா என்று அத்தையைக் கேட்டேன், ஆகா என்றாள். வெள்ளிக்கிழமையோ சாதாரணப் பஞ்சாங்கத்தின்படி மங்களகரமான நாள். மகாலக்ஷ்மிக்கு உகந்த அந்நாளை வேறெந்தத் தமிழ்க் குடும்பமும் இரு கை நீட்டி ஏற்கும். ஆனால் ஆண்டவர் பாடுபட்ட நாளாகையால் அன்று சுத்தபோசனம், சுத்தபோசனமென்றால் மாமிசமில்லை, மாமிசமில்லையேல் பிரியாணியில்லை, பிரியாணியில்லாத கலியாணத்தைப் புதுச்சேரியில் சம்பந்திகள் சாதாரணமாக மன்னிப்பதில்லை. வேறு தருமம் செய்து அந்தக் கட்டுப்பாட்டை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சபை இப்போது இடங்கொடுத்திருப்பதை எடுத்துக் காட்டினேன். "சாமியாருங்க சொல்லுவாங்க" என்று சம்பந்தி வீட்டார் அதற்கு ஒரு வரியில் வியாக்கியானம் செய்து முடித்தார்கள். இந்நான்கு கிழமைகளும் சேர்ந்து 122 நாட்களை விழுங்க, கையில் நின்றவை திங்கள், புதன், வியாழன் ஆகிய கிழமைகளில் 92 நாட்கள்.

தொண்ணூற்றிரண்டு தாராளம் என்று நினைக்கிற வாசகர், பெண்ணின் சித்தப்பா பாரிஸில் இருப்பதை மறக்கலாகாது. புதுச்சேரிக் குடும்பத்தில் பாரிஸில் ஒரு சித்தப்பா இருப்பது, தஞ்சாவூர்க் குடும்பத்தில் காவேரிப் பாசனம் இருப்பது போல. பிரெஞ்சு தேசத்தாரோ ஆகஸ்டு மாதத்தில் தேசத்தையே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிறவர்கள். அந்த ஒரு மாதம் நீங்கலாக அவர் எஜமானர் அவரை விடுவதில்லை. "ஆகஸ்டை விட்டா எனக்கு லீவு கெடையாது அண்ணி" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது, ஆகஸ்டின் முற்பாதி ஆடிக்குள் அகப்பட்டிருக்கிறது என்ற உண்மையை உணர்ந்து கூடத்தில் இருந்த எல்லோரும் காலண்டரைப் பார்த்தோம். ஆவணி ஆகஸ்டு 17 இல் பிறக்கிறது. செப்டம்பர் முதல் தேதி பிரான்சில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆகவே கிரகோரியார் பஞ்சாங்கத்துக்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கும் பிரெஞ்சு அரசாங்கத்துக்கும் ஒருங்கே உடன்பாடான நாட்கள் 18, 20, 21, 25, 27, 28 என்னும் ஆறே. இவற்றுள் முதல் மூன்றும் தேய்பிறை. இருபத்தேழு பிள்ளையார் சதுர்த்தி; அன்று சந்தையில் பூவையும் வாழைக்கன்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது. 1704 இல் தாலியினின்று இறக்கப்பட்டவர் 2025 இல் எங்களிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று நான் சொன்னதை அத்தை ரசிக்கவில்லை. இருபத்தெட்டு சித்தப்பாவின் விமானம் புறப்படுகிற நாள்.

எஞ்சியது ஆகஸ்டு 25, திங்கட்கிழமை. நாங்கள் மூன்று வாரம் ஆராய்ந்து கண்டுபிடித்த அந்த நாளை, பிரான்சில் சித்தப்பாக்களையுடைய மற்றக் குடும்பங்களும் தத்தம் ஆராய்ச்சியால் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது கோயில் அலுவலகத்துக்குப் போனபிறகே எனக்கு உறைத்தது. உபதேசியார் காலிகோ அட்டை போட்ட நீளப் பதிவேட்டை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். ஜூலைப் பக்கத்தின் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை தூய வெண்மை. இருபத்தைந்தாம் தேதிக்கு நேரே பென்சிலால் கோடு கிழித்து மூன்று கட்டம், அவற்றில் இரண்டில் ஏற்கனவே பெயர்கள்.

"ஏழரைக்கும் பத்தரைக்கும் ஆள் இருக்கு. நடுவுல ஒம்பது மணி காலி. எழுதிடட்டுங்களா?" என்றார்.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை எமகண்டம். முந்திக்கொண்ட இரு குடும்பத்தாரும் நாள் கோள் பாராத உத்தம விசுவாசிகள் போலும். அவர்களுடைய விசுவாசத்தால் எங்களுக்கு நல்ல நேரம் கிடைத்தது. ஆனால் இங்கும் ஒரு நுட்பம் உண்டு. பழைய முறையில் மெய்விவாகச் சடங்கு பூசைக்கு முன்பே முடிந்துவிடும். வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969 இல் வெளியான புதிய சடங்கு முறையோ அதனைப் பிரசங்கத்துக்குப் பிற்பாடு வைத்துவிட்டது. ஆகையால், ஒன்பது மணிக்குத் தொடங்கும் பூசையில் தாலி ஏறும் வேளையானது சூரிய சந்திரர்களின் கதியைப் பொறுத்ததன்று. பிரசங்கியாரின் கதியைப் பொறுத்தது. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் இரசமான வரலாற்றை விரிக்கத் தொடங்கி, ஆறு கற்சாடிகளுக்கும் தனித்தனியே பொருள் சொல்லும் குரு ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வந்தால் எமகண்டம் நிச்சயம். பிரசங்கத்துக்கு யார் வருவார் என்று உபதேசியாரை நான் நயமாக விசாரித்ததன் காரணம் இதுவே. அவர் என்னைப் பக்திமான் என்று எண்ணிக்கொண்டார்.

நாள் குறித்தாயிற்று என்று மூச்சு விடுவதற்குள் ஓலை வந்து நின்றது. 1215 ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் கூடி, மணம் செய்யப் போகிறவர்களின் பெயரைச் சபையில் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று உலகெங்கும் விதித்தது. திரெந்து சங்கம் அதை மூன்று முறை என்று வரையறுத்தது. நம்மவர் அதற்கு ஓலை என்று பெயரிட்டு, ஓலை போய்க் காகிதம் வந்து நெடுங்காலமான பின்னும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். விலக்கு ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கக் கடவர் என்பதே இதன் தாத்பரியம். விலக்குகளில் தலையாயது இரத்த உறவு. மாமன் மகளும் அத்தை மகனும் திருச்சபைச் சட்டத்தில் விலக்கப்பட்ட நான்காம் படிக் கணக்குக்குள் விழுகிறார்கள். தமிழன் எதை முறை என்கிறானோ அதையே உரோமை விலக்கு என்கிறது. மேற்றிராணியாரிடம் வம்சவிருட்சம் வரைந்து கொடுத்து அனுமதி வாங்கியவர்கள் என் தலைமுறையில் எத்தனையோ பேர். நல்லவேளையாக எங்கள் மாப்பிள்ளை காரைக்காலில் யாரோ. விருட்சம் எதுவும் வரைய நேரவில்லை.

ஆனால் கலியாணம் ஆகஸ்டு 25 என்றால் ஓலை ஆகஸ்டு 3, 10, 17 ஆகிய ஞாயிறுகளில் விழும். அத்தை காலண்டர்த் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னார் இன்னார் என்று ஊரறியச் சொல்வது ஆடியிலா என்ற ஆட்சேபம் அவள் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு அந்த முகம் மெல்லத் தெளிந்தது. மூன்றாம் தேதி ஆடிப் பதினெட்டு. அன்று எதைத் தொடங்கினாலும் பெருகும். பதினேழாம் தேதி ஆவணி முதல் நாள், பேச்சே இல்லை. "நடுவுல ஒண்ணுதான் இடிக்குது" என்றாள்.

அந்த ஒன்றை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு எந்தச் சங்கத்தின் தீர்மானத்திலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆகஸ்டு 10 ஆம் தேதி இரண்டாம் பூசையில், நற்கருணை முடிந்து, உபதேசியார் காகிதத்தை விரித்து எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைத் தொடங்கிய அதே கணத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அத்தைக்கு இருமல் வந்தது. முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு, மாப்பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பங்கின் பெயர் எல்லாம் முடியுமட்டும் இருமினாள். உபதேசியார் காகிதத்தை மடித்ததும் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.