வெள்ளை அல்லாத வெள்ளை: சுவர் நிறம் குறித்த ஓர் ஆய்வு

ஆஃப்-ஒயிட் என்பது வெள்ளையாக இருக்க மறுத்து, வேறு நிறமாகவும் துணியாத ஒரு நிறம். டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு போன்ற சாயங்களைக் கடை இயந்திரம் சொட்டுக் கணக்கில் இறக்க, அது பிறக்கிறது. அந்தச் சொட்டுகளுக்காக ஒரு குடும்பம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடுவது ஆய்வுக்குரியது.

சுண்ணாம்புக் காலத்தில் இச்சிக்கல் இல்லை. பொங்கலுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து அடித்தார்கள். நீலம் மஞ்சளை அடக்கி வெண்மையைத் தூக்கிக் காட்டியது. தாத்தா காசு கொடுத்துப் போக்கிய மஞ்சளைப் பேரன் காசு கொடுத்துத் திரும்பச் சேர்க்கிறான்.

ஆஃப்-ஒயிட்டில் மஞ்சள், சிவப்பு, பச்சை, சாம்பல் என நான்கு குலங்கள் உண்டு. ஷேட் கார்டில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தால் போதும், குலம் வெளிப்பட்டுவிடும்.

ஜோடி சேர்ப்பதே கடினமான பகுதி. பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்ற புகாரை விசாரித்த வேதியியலாளர் செவ்ரோல், குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று கண்டு, 1839இல் அதைப் பெரும் புத்தகமாகவே எழுதினார். தமிழ்நாட்டு வீட்டில் அந்தப் பக்கத்து நூல் தரைதான். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் தேக்கு நிலைக்கும் மஞ்சள் குலத்து ஐவரி பொருந்தும். அதே ஐவரி சாம்பல் நிற விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் நின்றால் பல வருடம் சாம்பிராணிப் புகை பட்டதுபோல் தெரியும். அங்கே சாம்பல் குலமே தகும். தூய வெள்ளை ஸ்விட்ச் பெட்டியும் சீலிங்கும் எந்த ஐவரியையும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த எச்சரிக்கையை எந்த ஷேட் கார்டும் அச்சிடுவதில்லை.

வெளிச்சமும் சாட்சி மாற்றிச் சொல்லும். 6500 கெல்வின் டியூப்லைட்டில் சாம்பல் குலம் நீலம் பாரிக்கும். 3000 கெல்வின் பல்பில் ஐவரி நெய்யாக உருகும். ஜன்னலை ஒட்டி வேப்பமரம் இருந்தால் பகலெல்லாம் சுவரில் பச்சை படியும். பழைய நிறத்தின் மேலேயே ஒரு கட்டம் அடித்துப் பார்ப்பதும் வீண். சுற்றியுள்ள நிறம் ஏமாற்றும். ஆகவே பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பின், காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் சுவருக்குச் சுவர் நகர்த்திப் பார்க்க வேண்டும். அட்டையோடு அலையும் மனிதரைப் பார்த்து வீட்டார் சிரிப்பது இம்முறையின் அறியப்பட்ட பக்கவிளைவு.

மிச்சமாகும் பெயிண்டை மூடியில் ஷேட் எண் எழுதிப் பரணில் வைப்பது வழக்கம். இரண்டு வருடம் கழித்து, ஆணி பிடுங்கிய இடத்தில் அதே டப்பாவிலிருந்து அதே நிறம் பூசப்படும். இதற்குள் சுவர் அழுக்கேறி வேறு ஆஃப்-ஒயிட்டாகியிருக்கும். இரண்டு ஆஃப்-ஒயிட்டுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு என்பதை வீட்டார் அனைவரும் அன்றுதான் ஒருமனதாக ஒப்புக்கொள்கிறார்கள்.