வாய் திறப்பியல்: ஒரு நூற்பாவும் உரையும்

ஆவெனத் திறவா அடமுடைக் குழவிக்குக்
காரணம் குழவியன்று, சுற்றமே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பல் டாக்டரைக் கண்டதும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்ளும் ஐந்து வயதுக்குட்பட்ட பாலகரின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் உரையும் ஒருவரே செய்ததாதலின் பாட பேதம் இல்லை.

பிறக்கும்போது குழந்தைக்குப் பல்லும் இல்லை, பல் டாக்டர் மீது பயமும் இல்லை. ஆறாம் மாத வாக்கில் கீழ்த்தாடையின் முன்பக்கம் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. மூன்று வயதுக்குள் பால் பற்கள் 20-ம் வந்துவிடுகின்றன. பயமும் ஏறத்தாழ இதே கால அட்டவணைப்படிதான் முளைக்கிறது. ஆனால் பல் தானே முளைப்பது. பயம் வீட்டார் விதைத்துத் தண்ணீர் விடுவது.

விதைக்கும் இடம் சோற்றுத் தட்டு. "இந்த ஒரு வாய் வாங்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." பூச்சாண்டி, போலீஸ்காரர், டாக்டர் மூவரும் ஒரே இலாகாவில் வேலை பார்ப்பவர்கள் என்ற அறிவு இப்படித்தான் குழந்தைக்கு வந்து சேர்கிறது. பிறகொரு நாள் பல்லில் கறுப்பு தெரிந்ததும் அதே தாய், "டாக்டர் அங்கிள் ரொம்ப நல்லவருடா கண்ணு" என்கிறாள். பல்டியடித்த சாட்சியைக் கோர்ட்டிலேயே நம்புவதில்லை. குழந்தை எப்படி நம்பும்?

இரண்டாவது சான்று பூச்சி. "உன் பல்லுல பூச்சி இருக்கு, டாக்டர் எடுத்துடுவாரு" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் பாட்டி சீரியல் பார்க்கப் போய்விடுகிறாள். குழந்தை அங்கேயே நிற்கிறது. "பாட்டி, அதுக்கு எத்தனை காலு?" பதில் இல்லை. "நான் தூங்கும்போது அது வெளிய வருமா?" பதில் இல்லை. "நான் இட்லி சாப்பிட்டா அதுவும் சாப்பிடுமா?" இதற்கு மட்டும், "ஆமா, அதான் நீ இளைச்சுப் போயிட்ட" என்று பதில் வருகிறது. அன்றிரவு குழந்தை வாயைக் கையால் பொத்திக்கொண்டு தூங்குகிறது. இதைக் கண்டு, டாக்டரிடம் போகத்தான் பயப்படுகிறான் என்று வீட்டார் முடிவு கட்டுவது பிழைபட்ட அனுமானம் என்க. அவன் பயப்படுவது தன் வாய்க்குள் குடியிருக்கும் பிராணிக்கு.

உண்மையில் அங்கே கால் முளைத்த பிராணி எதுவும் இல்லை. இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான நுண்ணுயிரிகள்; இவற்றுள் மியூட்டன்ஸ், 1924-ல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் சூட்டியது. நாம் தின்னும் இனிப்பைத் தாமும் தின்று அமிலத்தை விடுவதே அவற்றின் தொழில். பாட்டி இதை ஏற்கவில்லை. கண்டங்கத்திரி விதையைப் புகைத்தபோது பூச்சி வெள்ளையாக நெளிந்து விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகக் கூறுகிறாள். கண்கண்ட சாட்சியோடு வாதிடுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அற்றேல், விழப்போகிற பால் பல்லுக்குச் செலவு எதற்கு எனின், அது தாத்தாவின் கட்சி. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது மெய்யே. ஆனால் பால் கடைவாய்ப் பற்களில் சில பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டியவை. பின்னால் வருகிறவருக்காகப் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, அவை நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. துண்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து உட்கார்ந்துவிடும். உரிய பல் வந்து பார்த்துவிட்டுக் கோணலாக நிற்கும். அதை நேராக்கக் கம்பி கட்டும் செலவு எவ்வளவு என்று விசாரித்த பிறகு தாத்தா இக்கட்சியை விட்டு நீங்கினார்.

இனி மேல்நாட்டு ஆசிரியர் மதம். 1959-ல் அடெல்ஸ்டன் என்பார் ஒரு முறை வகுத்தார்: சொல், காட்டு, செய். எதைச் செய்யப்போகிறோமோ அதை முதலில் குழந்தையின் பாஷையில் சொல்ல வேண்டும். பிறகு காட்ட வேண்டும். அதன்பின்பே செய்ய வேண்டும். கைதேர்ந்த டாக்டர் ஒருவர் இதைச் செய்யும் அழகு காணத் தக்கது. காற்றுக் குழாயைக் குழந்தையின் உள்ளங்கையில் 'புஸ்'ஸென்று அடித்துக் காட்டுகிறார். எச்சில் உறிஞ்சும் குழாய் 'தண்ணி குடிக்கிற யானை'யாகிறது. மரத்துப்போகும் மருந்துக்கு 'பல்லைத் தூங்க வைக்கிறது' என்று பெயர். குழந்தை மெல்ல வாயைத் திறக்கிறது. பாதி திறந்த அந்தத் தருணத்தில், பின்னால் நிற்கும் மாமா தைரியம் ஊட்டுகிறார்: "பயப்படாதடா! ஊசி வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"

அதுவரை அந்த அறையில் ஊசி இல்லை, வலி இல்லை, எறும்பும் இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்றையும் கொண்டுவந்து சேர்த்தார். வாய் மூடிக்கொண்டது. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தது வீண்.

1962-ல் ஃபிராங்கலும் அவர் சகாக்களும், பெற்றோரை உள்ளே விடலாமா கூடாதா என்பதையே ஆராய்ந்தனர். மூன்றரை முதல் நான்கு வயதுள்ள பிள்ளைகளுக்குத் தாய் அருகில் இருந்தது நன்மை செய்ததாகக் கண்டனர். குழந்தையின் ஒத்துழைப்பை நான்கு படியாகத் தரம் பிரிக்கும் அவர்களுடைய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அவர்கள் ஆராய்ந்தது தாயை மட்டுமே. உடன் வரும் பாட்டி, அத்தை, சும்மா வந்த பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்கு அளவுகோலில் இடம் இல்லை. மாமாவுக்கென ஐந்தாம் படி ஒன்று வகுக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளன் துணிபு.

லஞ்சம் பற்றியும் ஒரு சொல். "அழாம இருந்தா சாக்லேட்" என்பது, தீயணைப்பு வண்டிக்கு மண்ணெண்ணெய் அன்பளிப்பாகத் தருவது. ஸ்டிக்கர் போதும்.

வீட்டில் செய்யத் தக்கது சிறிதே. அப்பாவைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, குழந்தை கையில் டார்ச்சையும் ஸ்பூனையும் கொடுத்துப் பல்லை எண்ணச் சொல்லலாம். அப்பாவின் கடைவாயில் இருக்கும் ஓட்டைகளைக் கண்டு குழந்தை அடையும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. குழந்தை தூங்கி விழும் மாலை நேரத்தை விட்டுக் காலையில் நேரம் கேளுங்கள். நாளை என்ன நடக்கும் என்று கேட்டால், "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பாரு" என்று மட்டும் சொல்லுங்கள்; வலிக்குமா என்று கேட்டால், "டாக்டரையே கேட்போம்" என்று சொல்லுங்கள். பல் வலிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவதே முறை. போகும்போது தாய் போகட்டும், முடிந்தால் தந்தையும் போகட்டும். மாமாவுக்கு அன்றைக்கு வேறு ஏதாவது வேலை கொடுத்துவிடுங்கள்.